செட்டிநாட்டில் சீலியாக் நோயாளிகளுக்கான குழு: சங்கமா, மருத்துவமனையா, வாட்ஸ்அப்பா, மாவு அரைக்கும் வீடா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று விரிந்து கிடக்கும் நம் பகுதியில், சீலியாக் நோயுள்ள குடும்பங்களை ஒன்றுசேர்க்க நினைப்பவருக்கு நான்கு வழிகள் உள்ளன. முறைப்படி பதிவு செய்த சங்கம் தொடங்கலாம். ஒரு மருத்துவமனையைச் சார்ந்து கூட்டம் நடத்தலாம். வாட்ஸ்அப் குழு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது கோதுமை நுழையாத ஒரு வீட்டில் மாதந்தோறும் கூடி, எல்லோருக்கும் தேவையான மாவை அங்கேயே அரைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். என் மகளுக்கு இந்த நோய் உறுதியான பின் நாங்கள் சில குடும்பங்கள் கூடிப் பேசி நான்காவது வழியைத் தேர்ந்தோம். அதன் பக்கம் என் மனம் சாய்ந்திருப்பதை மறைக்காமலே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை எதிர்த்து உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அதனால் உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை. இதற்கு மருந்து இல்லை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே வழி. குழுவைப் பற்றி யோசிக்கும்போது இதைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, நாம் எத்தனை பேர் என்பதுதான். 2016-ல் வெளியான, 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த இந்திய ஆய்வு ஒன்றில், வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினருக்கும் தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினருக்கும் இந்த நோயைச் சுட்டும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தது. நோய் உறுதியானவர்கள் அதைவிடக் குறைவு. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக் கூறு இரு பகுதி மக்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. சர்க்கரை நோய்க்கு அஞ்சி இரவுதோறும் சப்பாத்தி உண்ணும் வழக்கம் நம் வீடுகளிலும் வேரூன்றிவிட்ட நிலையில், அந்த வேறுபாடு இப்படியே நீடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் அந்த ஆய்வின்படி நாம் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கும் குறைவாகவே இருக்கிறோம். அவர்களிலும் பலர் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கட்டுப்படாத சோகை என்றும், வளர்ச்சி குன்றிய பிள்ளை என்றும் மட்டுமே அறியப்பட்டு, காரணம் தெரியாமல் இருக்கக்கூடும். ஆகவே இங்கே அமையும் எந்தக் குழுவும் சிறிய குழுவாகவே இருக்கும். சிறிய குழு நீடித்து நிற்பது எப்படி என்பதையே நான் எல்லா வழிகளுக்கும் அளவுகோலாகக் கொண்டேன்.

பதிவு பெற்ற சங்கத்தை விரைவிலேயே ஒதுக்கிவிட்டோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். ஆனால் அதன்பின் ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, அலுவலகத்துக்குத் தாக்கல் என்று வேலைகள் வந்துகொண்டே இருக்கும். நன்கொடை திரட்டவோ அரசிடம் கோரிக்கை வைக்கவோ சங்கம் வேண்டும்தான். நாங்கள் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, சங்கம் நடத்திய அனுபவமும் எனக்கில்லை என்பதால் இதற்குமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மருத்துவமனையைச் சார்ந்த கூட்டத்துக்கு மறுக்க முடியாத நன்மைகள் உண்டு. புதிதாக நோய் கண்டறியப்படுபவர் முதலில் வருவது அங்கேதான். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம் என்பதையும், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் பரிசோதனை தேவை என்பதையும், மருத்துவர் வாயிலாகக் கேட்கும்போது குடும்பத்தில் மூத்தவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆயினும் குடல்நோய் நிபுணரை நாடி நாம் பெரும்பாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையுடன் மாதந்தோறும் ஒரு கூட்டத்துக்காக அவ்வளவு தூரம் போய்வருவது இயலாது. அக்கறையுள்ள மருத்துவர் மாற்றலாகிப் போனால் கூட்டமும் நின்றுபோகும். இன்னொரு குறையும் உண்டு. அங்கே எங்களுக்குக் கொடுக்கப்பட்ட உணவுப் பட்டியல், சப்பாத்திக்கு எது மாற்று என்ற கேள்விக்கு விடையாக அமைந்திருந்தது. இட்லியும் இடியாப்பமும் உண்ணும் வீட்டுக்கு அது கேள்வியே அல்ல. நம் கேள்விகள் கூட்டுப் பெருங்காயத்தில் சேர்க்கப்படும் கோதுமை மாவு அல்லது மைதா, ரவையில் செய்யும் ரங்கூன் புட்டு, பூரி பொரித்த எண்ணெயிலேயே போடப்படும் சீயம், பார்லி மால்ட் கலந்த சத்துப் பானம் ஆகியவற்றைப் பற்றியவை.

வாட்ஸ்அப் குழு செலவில்லாதது, உடனே பதில் கிடைப்பது. கடையில் நின்றபடியே ஒரு பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேட்கலாம். சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவுகளையும் இணைக்கலாம். எங்களுக்கும் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடும் எண்ணம் இல்லை. ஆனால் அதை மட்டுமே குழுவாக வைத்துக்கொண்டால் சில மாதங்களில் கேள்விகள் தீர்ந்துபோய், இந்த நோயைக் குணமாக்கிவிடும் என்று சொல்லிச் சுற்றும் லேகியச் செய்திகள் அந்த இடத்தை நிரப்புகின்றன. பெண்பிள்ளை இருக்கும் குடும்பங்களுக்கு வேறொரு தயக்கமும் உண்டு. வரன் பார்க்கும் காலத்தில், முகம் தெரியாதவர்கள் கைப்பேசியில் தங்கள் பெயரும் நோயும் சேர்ந்து இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி நாங்கள் தேர்ந்த வழி. அதற்கு வேராக இருந்தது ஊர் மாவு மில். அரிசியில் குளூட்டன் இல்லை. கேழ்வரகு, வரகு, சாமை, தினை எதிலும் இல்லை. ஆனால் நம் ஊர் மில்களில் மிளகாய்க்குத் தனி மிஷின் வைத்திருப்பவர்கள்கூட, கோதுமையையும் பச்சரிசியையும் பெரும்பாலும் ஒரே மிஷினில்தான் அரைக்கிறார்கள். முன்னே போனவரின் கோதுமை மாவு கல்லிடுக்கிலும், மாவு இறங்கும் வாயிலும், துணிப்பையிலும் தங்கி நிற்கிறது. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ அரிசி மாவை அந்த வரம்புக்கு வெளியே தள்ளக் கால் கிராம் கோதுமை மாவே போதுமானது. விரல் நுனியில் ஒட்டும் அளவுதான் அது. 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் சிறுகுடல் உட்சுவரில் சேதம் காணப்பட்டது. தினமும் இடியாப்பமும் புட்டும் உண்ணும் குழந்தைக்கு அந்த 50 மில்லிகிராம் எங்கிருந்து வந்துசேர்கிறது என்பது, மில்லில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும். கோதுமையைத் தொடாத பிள்ளைகளுக்கும் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு இறங்காமல் நின்றதற்கு, எங்களில் சிலர் வீட்டில் வேறு காரணம் தென்படவில்லை.

மில்காரரிடம் சொல்லிக் காலையில் முதல் அரைவையை நமக்காக வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மனமுள்ள மில்காரர் ஒத்துக்கொள்வார். ஆனால் முந்தைய நாள் மாவை முழுவதும் வெளியேற்றக் கல்லைக் கழற்றித் துடைக்க வேண்டும். பறந்து படிந்த தூசியோ சுவரிலும் விட்டத்திலும் இருந்துகொண்டே இருக்கும். அடுத்தவர் பிழைப்பு நடக்கும் இடத்தில் அவ்வளவு கேட்க நமக்கு உரிமையில்லை. ஆகவே பங்கு போட்டு, வீட்டு உபயோகத்துக்கான சிறிய மாவு மிஷின் ஒன்றைப் புதிதாக வாங்கினோம். பழைய மிஷின் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அதில் முன்பு கோதுமை அரைக்கப்பட்டிருப்பது ஏறக்குறைய உறுதி.

மிஷின் ஒரே வீட்டில் நிலையாக இருக்கிறது. மாதம் ஒரு வீடு என்று முறைவைத்து எடுத்துச் செல்லலாம் என்று முதலில் பேசினோம். ஆனால் மற்றவர்கள் வீடுகளில் யாரேனும் ஒருவர் சப்பாத்தி உண்பவராக இருந்ததால் அந்த யோசனையைக் கைவிட்டோம். அரிசியைச் சில்லறையாக வாங்குவதில்லை. கோதுமை அளந்த படியாலேயே அரிசியும் அளக்கப்படும் என்பதால் மூட்டையாக வாங்கி, சுளகில் இட்டுப் புடைத்துப் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்து உலர்த்துகிறோம். இந்த மிஷினுக்கு ஈரம் ஆகாது. சற்றே நைப்பு இருந்தாலும் சல்லடை அடைத்துக்கொள்ளும். எனவே ஈர மாவு வேண்டும் அதிரசத்துக்கு இதை நம்ப முடியாது, அதற்கு அவரவர் வீட்டு மிக்ஸியும் சல்லடையும்தான். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியையும் உளுந்தையும் வீட்டுக் கிரைண்டரில் ஆட்டிக்கொள்வதால் அங்கே சிக்கல் எழுவதில்லை. இடியாப்பம், புட்டு, தேன்குழல் ஆகியவற்றுக்கான மாவும் கேழ்வரகு மாவும் மாவுருண்டைக்கான பாசிப்பருப்பு மாவும் இங்கே நன்றாக அரைபடுகின்றன.

குழுவைப் பராமரிப்பதில் இந்த வழி மற்றவற்றை விஞ்சுவது எப்படி என்பதை விளக்கியாக வேண்டும். எந்த ஆதரவுக் குழுவுக்கும் தொடக்கத்தில் ஆர்வம் இருக்கும். பெருங்காயம், ரவை, சேமியா, மால்ட் பற்றிய பாடங்களைச் சில கூட்டங்களிலேயே எல்லோரும் கற்றுத் தேர்ந்துவிடுகிறார்கள். அதன்பின் பழையவர்களுக்கு வருவதற்குக் காரணம் இருப்பதில்லை, அவர்கள் வராததால் புதிதாக வருபவருக்கு வழிகாட்ட ஆள் இருப்பதில்லை. அறிவுரையை மட்டும் கொடுக்கும் குழு இவ்வாறே கலைகிறது. மாவோ மாதந்தோறும் தீர்ந்துபோகிறது. மாவு வேண்டும் என்பதற்காக அனுபவம் முற்றியவர்களும் வந்தே தீருகிறார்கள். அவர்கள் வந்திருக்கும் அறையில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட பிள்ளையின் தாய் அமர்ந்திருக்கிறார். ஒரு மூட்டை அரிசி அரைபட்டு முடியும்வரை பேச நேரம் கிடைக்கிறது, கைக்கும் வேலை இருக்கிறது. "ஒரு சிட்டிகை பெருங்காயத்துல என்ன ஆயிடப் போவுது ஆத்தா" என்று கேட்கும் பெரிய ஆச்சிக்கு எப்படிப் பதில் சொல்வது, கல்யாண வீட்டுப் பந்தியில் பிள்ளைக்குத் தனி இலைச் சாப்பாட்டைச் சமையல்காரரிடம் எப்படிக் கேட்பது, கோதுமையில் செய்யப்படும் நற்கருணை அப்பத்துக்குப் பதிலாகத் திருச்சபை அனுமதிக்கும் குறைந்த குளூட்டன் அப்பத்தைப் பங்குத்தந்தையிடம் எப்படிக் கேட்பது என்பவையெல்லாம் அந்த நேரத்தில் பேசப்படுபவை. கூட்ட நிகழ்ச்சி நிரல் எதிலும் இவை இடம்பெற்றிருக்காது.

இதற்கான உழைப்பையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சல்லடையைக் கழற்றித் தட்டி, பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். தங்கிய மாவில் வண்டு விழுந்தால் அடுத்த அரைவையே கெட்டுவிடும். மின்தடை இருக்கும் நாளைத் தவிர்த்து நாள் குறிக்க வேண்டும். மிஷின் இருக்கும் வீட்டார் பிள்ளையைப் பார்க்கச் சென்னைக்குப் போய்விட்டால் யாரிடம் சாவி என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அந்த வீட்டுப் பெண் ஒருவரின் தலையிலேயே முழு வேலையும் விழாமல் பார்த்துக்கொள்வது கடினமான பொறுப்பு. உலர்த்துவது ஒருவர், அரைப்பது ஒருவர், பொட்டலம் கட்டிப் பெயரெழுதுவது ஒருவர் என்று பிரித்த பின்பே எங்களுக்கு இது சீரானது.

எங்கள் அனுபவம் ஏழெட்டுக் குடும்பங்களின் அளவில் நின்றுவிடுவது. இருபது குடும்பங்கள் ஆனால் ஒரு சிறிய மிஷின் தாங்காது. அப்போது புதுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒன்று தேவைப்படும் என்று எண்ணுகிறேன். அரைத்த மாவை ஆய்வகத்துக்கு அனுப்பிக் குளூட்டன் அளவைச் சோதிக்கும் வேலையை இன்னும் செய்யவில்லை. செய்யாதவரை எங்கள் மாவு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருக்கிறது என்று எவரிடமும் சொல்லவும் மாட்டேன், விற்கவும் மாட்டோம். பிள்ளைகளின் தொடர் இரத்தப் பரிசோதனை முடிவுகள் இறங்கிவருவதே இப்போதைக்கு எங்கள் கையில் இருக்கும் சான்று. எதிர்ப்புப் பொருளின் அளவு இறங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும் என்பதால் அதையும் பொறுத்திருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மதுரையிலோ திருச்சியிலோ குடியிருப்பவர்களுக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன். நிபுணரும் உணவியலாளரும் நகரப் பேருந்து தூரத்தில் இருப்பதால், மருத்துவமனையைச் சார்ந்த கூட்டம் அவர்களுக்குப் பொருந்தும். சான்றிதழுடன் விற்கப்படும் மாவும் அங்கே எளிதாகக் கிடைக்கும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் தொடங்குகிறவர்கள், மூன்று குடும்பங்கள் சேர்ந்தாலே மிஷினை வாங்கிவிடலாம். வாங்குவதற்கு முன், அதை வைக்கப்போகும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கோதுமையை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று மனமொப்பிச் சம்மதித்திருக்கிறார்களா என்பதை மட்டும் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாமனார் மாமியார் உட்பட.