சிக்னல் செயலி: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு வன்னியில் அரிது. ஆகவே இங்கு ஒரு செய்திச் செயலியை மதிப்பிடுபவர் குரலின் தெளிவோடு, பேசிய பேச்சு வேறு யாருடைய காதுக்காவது போகுமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்விடயத்தில் நான் பயன்படுத்தியவற்றுள் சிக்னலே முதலிடம் பெறுகிறது. கட்டணமோ விளம்பரமோ கிடையாது. நன்கொடையில் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பொன்று இதனை நடத்துகிறது.

ஒவ்வோர் உரையாடலுக்கும் உரிய பாதுகாப்பு எண், ஐந்தைந்து இலக்கங்களாக 12 தொகுதிகளில் திரையில் தோன்றும். கனடாவிலுள்ள அக்காவும் நானும் அந்த 60 இலக்கங்களையும் வாசித்து ஒப்பிட்டுக்கொண்டோம். இருபுறமும் ஒன்றாக இருந்தால் இடையில் எவரும் புகவில்லை என்று நம்பலாம். செய்தியைப் பிறர் வாசிக்க முடியாதபடி உருமாற்றிப் பூட்டும் மறைகுறியாக்கத்தின் சாவிகள் பேசுபவர்களின் கருவிகளிலேயே தங்கிவிடுவதால், நடத்துபவர்களாலும் செய்திகளை வாசிக்க இயலாது. 2016 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து பயனர் விபரம் கேட்டு அழைப்பாணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நேரத்தையும் தவிர சிக்னலை நடத்துபவர்களின் கையில் கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

பயங்கரவாதத்தைத் தடுக்க முனையும் அரசுகளுக்குப் பெரும் தலையிடியாக இருப்பதும் இதே பூட்டுத்தான். முன்பு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் ஒரு கட்டளையைக் கொடுத்தே ஓர் இணைப்பை ஒட்டுக்கேட்க முடிந்தது. இன்று பயனர் ஒரு நாட்டிலும் சேவையகம் இன்னொரு நாட்டிலும் இருக்க, சாவி எவரிடமும் கேட்டுப் பெற முடியாததாகிவிட்டது. 2015 டிசெம்பரில் அமெரிக்காவின் சான் பேர்னாடினோ நகரில் 14 பேரைக் கொன்றவர்களுள் ஒருவருடைய ஐபோனைத் திறப்பதற்காக அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, அப்பிள் நிறுவனத்தோடு நீதிமன்றம்வரை சென்று, ஈற்றில் வெளித் தரப்பொன்றின் உதவியுடனேயே அதனைத் திறந்தது. குண்டு வெடித்த தெருக்களைக் கண்ட மண்ணிலிருந்து எழுதும் நான் இச்சிரமத்தைச் சிறிதாக எண்ணவில்லை.

எனினும் 2019 ஏப்ரல் 21 இல் இலங்கையில் நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 260 இற்கும் மேற்பட்டோர் மாண்டபோது நடந்ததை மறக்கலாகாது. அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றை முடக்கியது. வதந்தியைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் முடக்கத்தைச் சுற்றிச் செல்ல உதவும் விபிஎன் மென்பொருள் தெரிந்தவர்கள் அதனைத் தாண்டிச் சென்றார்கள், தெரியாத தாய் தகப்பன்மாரே பிள்ளைகளோடு பேச வழியின்றி நின்றார்கள். அத்தாக்குதல் பற்றிய இந்தியப் புலனாய்வுத் தகவலோ ஏப்ரல் 4 ஆம் திகதியே கொழும்புக்குக் கிடைத்திருந்தது. அதன்மீது உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் கிடைத்த எச்சரிக்கையைக் கவனியாத ஓர் அமைப்பிடம், அரசுகள் விரும்புவதுபோல் எல்லோருடைய சாவியையும் ஒப்படைப்பதால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகத் தமிழர் கைதான நாட்டில், அப்படியொரு சாவி முதலில் யார் வீட்டுக் கதவைத் திறக்கும் என்ற அச்சமும் நியாயமானதே.

குறைகளும் உண்டு. கணக்குத் தொடங்கத் தொலைபேசி இலக்கம் கட்டாயம். இங்கு சிம் அட்டை தேசிய அடையாள அட்டையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. 2024 இல் வந்த பயனர் பெயர் வசதி இலக்கத்தைப் பிற பயனர்களிடமிருந்து மறைக்குமே தவிர, பதிவு செய்யும் தேவையை நீக்காது. திறந்த கைத்தொலைபேசி பிறர் கைக்குப் போனால் எந்த மறைகுறியாக்கமும் உதவாது. காப்புப்படி எடுத்து வைக்காதவர் கருவியைத் தொலைத்தால் பழைய செய்திகளும் போய்விடும்.

அலைவரிசை மெலிந்த உட்கிராமங்களில், அழைப்புக்குக் குறைந்த தரவைப் பயன்படுத்தும் தெரிவை முடுக்கி வைப்பது நல்லது. செய்திகள் ஒரு வாரத்தில் தாமாக மறையும்படியும் அமைத்துக்கொள்ளலாம். வட்ஸ்அப்பும் சிக்னலின் மறைகுறியாக்க முறையையே பயன்படுத்துகிறது. ஆனால் யார் யாரோடு தொடர்புகொள்கிறார் என்பது போன்ற விபரங்களை அது கூடுதலாகச் சேகரிப்பதால், குடும்ப அழைப்புகளுக்கு நான் சிக்னலையே பரிந்துரைக்கிறேன்.