சொந்தக் கணினியில் ஏஐ உதவியாளர்: ஓலாமா, லாமா.சிபிபி, எல்எம் ஸ்டுடியோ – ஓர் ஒப்பீடு

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்களும், வேலூரில் அவற்றுக்குக் கணக்கு பார்க்கும் அலுவலகங்களும், தங்கள் விலைப் பட்டியலையும் வாடிக்கையாளர் கடிதங்களையும் யாரோ ஒருவருடைய சர்வருக்கு அனுப்பத் தயங்குவது நியாயமே. செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைத் தம் கணினியிலேயே ஓட்டிக்கொள்ள இன்று ஓலாமா, லாமா.சிபிபி, எல்எம் ஸ்டுடியோ என்ற மூன்று மென்பொருள்கள் பரவலாகப் பேசப்படுகின்றன. நிறுவுவதைப் பொறுத்தவரை எதுவும் ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் எடுக்காது. சில மாதங்கள் கழித்துப் புதுப்பிக்கும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும் என்பதால், இந்த ஒப்பீட்டில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கியோர்கி கெர்கனோவ் 2023 மார்ச்சில் வெளியிட்ட லாமா.சிபிபிதான் இவற்றுக்கு வேர். ஓலாமா அதன்மேல் எழுந்தது. எல்எம் ஸ்டுடியோவும் உள்ளே அதையே பயன்படுத்துகிறது. ஆகவே மூன்றிலும் ஒரே ஏஐ மாதிரியின் கோப்பை ஏற்றினால், எது அதிக அறிவுள்ளது என்ற கேள்விக்கே இடமில்லை. முதல் இரண்டும் மூலநிரலை யாரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள்கள்; எல்எம் ஸ்டுடியோ இலவசம் என்றாலும் அதன் மூலநிரல் மூடப்பட்டது.

வேகத்தைத் தீர்மானிப்பது கணினியின் நினைவகம். ஒரு மாதிரி என்பது பயிற்சியில் கற்ற எண்களின் தொகுப்பு; அவை அளவுருக்கள் எனப்படும். ஒவ்வோர் அளவுருவையும் நான்கு பிட்டாகச் சுருக்கிய, 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாதிரி ஏறத்தாழ 5 ஜிபி இருக்கும். பதிலின் ஒவ்வொரு டோக்கனையும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக்க அது முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். இரட்டைச் சேனல் டிடிஆர்4-3200 ராம் நொடிக்கு 51.2 ஜிபிக்கு மேல் தராது என்பதால், கிராபிக்ஸ் கார்டு இல்லாத அத்தகைய கணினியில் நொடிக்குப் பத்து டோக்கன்தான் உச்சவரம்பு. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட அதிக டோக்கன்களாக உடைவதால், நமக்கு அது இன்னும் மெதுவாகத் தெரியும். 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 360 ஜிபி வரை படிக்கும். ஆனால் 170 வாட் வரை இழுத்து அத்தனையையும் வெப்பமாகவே வெளியேற்றும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் அப்படிப்பட்ட கணினியைப் பூட்டிய பரண் அறையில் வைக்கக் கூடாது.

தமிழுக்கு எந்த மாதிரி என்பதிலும் கவனம் தேவை. மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1 மாதிரி அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் எட்டு மொழிகளில் தமிழ் இல்லை. 140-க்கும் மேற்பட்ட மொழிகளைக் கணக்கில் கொண்டு பயிற்றப்பட்ட, கூகுளின் ஜெம்மா 3 இவ்வகையில் மேல், நான்கு பிட்டாகச் சுருக்கிய அதன் 12 பில்லியன் வடிவம் மேற்சொன்ன கார்டில் அடங்கியும்விடும். ஓலாமாவில் இன்னொரு கண்ணி உண்டு: சிறிய கார்டுகளில் அதன் இயல்பான சூழல் அளவு, அதாவது மாதிரி ஒரே சமயத்தில் கருத்தில் கொள்ளும் உரையின் நீளம், 4096 டோக்கன்தான். நீண்ட வாடகை ஒப்பந்தம் ஒன்றை ஒட்டினால், மீறிய பகுதி அறிவிப்பே இன்றி வெட்டப்பட்டு, மீதியை மட்டும் படித்துவிட்டு முழுவதையும் படித்தது போலவே பதில் வரும். அந்த அளவை முதல் நாளே உயர்த்திவிடுவது நல்லது.

இனி புதுப்பித்தல். எல்எம் ஸ்டுடியோ தானே அறிவிக்கும், அழுத்தினால் முடிந்தது. ஒருவர் மட்டும் தம் மடிக்கணினியில் பயன்படுத்துவதானால் அதற்கு மேல் தேட வேண்டாம். ஓலாமா விண்டோஸில் அதேபோல் எளிது. லினக்ஸில் நிறுவிய ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும். அது ஓலாமாவைப் பின்னணியில் இயக்கும் அமைப்புகள் அடங்கிய சர்வீஸ் கோப்பைப் புதிதாக எழுதிவிடும். அலுவலகத்தின் மற்ற கணினிகளும் இணையட்டும் என்று அந்தக் கோப்பிலேயே நேரடியாக முகவரியை மாற்றி வைத்திருந்தால், அந்த மாற்றம் அழிந்து, ஓலாமா மீண்டும் தான் ஓடும் கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு மட்டும் செவிசாய்க்கும். மறுநாள் காலை யாருக்கும் இணைப்பு கிடைக்காது. மாற்றங்களை, சர்வீஸ் கோப்பைத் தொடாமல் அதை மேலெழுதும் தனி ஓவர்ரைடு கோப்பில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. லாமா.சிபிபி ஒரே நாளில் பலமுறைகூடப் புதிய எண்ணுடன் வெளியாகும். துரத்திக்கொண்டு ஓட அவசியமில்லை. பழைய கோப்புறையை அப்படியே விட்டுப் புதியதைப் பக்கத்தில் வைத்தால், சரிவராதபோது பாதையை மட்டும் மாற்றிப் பழையதற்குத் திரும்பிவிடலாம். பின்வாங்குவதில் இதற்கு இணை மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் கட்டளை விருப்பங்களின் பெயர்கள் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கன்சோலைக் கண்டு அஞ்சாத ஒருவர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும்.

பலர் பயன்படுத்தும் இடத்தில் ஓலாமாவுடன், உலாவியில் உரையாடும் திரையைத் தரும் ஓப்பன் வெப்யூஐயை, மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் இயக்கும் டாக்கரில் ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆளுக்கொரு கணக்கும் உரையாடல் பதிவும் அதில் கிடைக்கின்றன. அந்தப் பதிவுகள் அனைத்தும் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. கன்டெய்னருக்கு வெளியே தரவைக் காக்கும் வால்யூமை இணைக்காமல் கன்டெய்னரை நீக்கிப் புதியதை ஏற்றினால் எல்லாம் போய்விடும். புதிய பதிப்பு அந்தத் தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றக்கூடும் என்பதால், பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் அது திறக்கும் என்ற உறுதியில்லை. எனவே எப்போதும் ஆகப் புதிய பதிப்பையே குறிக்கும் மெயின் என்ற டேகைத் தவிர்த்துக் குறிப்பிட்ட பதிப்பெண்ணைக் கொடுப்பதும், புதுப்பிக்கும் முன் கன்டெய்னரை நிறுத்திக் கோப்பை நகலெடுப்பதும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் அதைத் தொடாமலிருப்பதும் அவசியம். பதிவிறக்கத்தின் நடுவே மின்சாரம் போனால் மறுபடி தொடரலாம். தரவுத்தளம் மாறும் நேரத்தில் போனால் அந்த நகல்தான் கைகொடுக்கும். ஆகவே யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை.

வெளியிலிருந்து கைபேசியில் அணுக விரும்புவோர் ஓலாமா இணைப்புகளை ஏற்கும் வாயிலான 11434 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடக் கூடாது. தன் கணினியில் ஓடும் ஓலாமா கடவுச்சொல் எதையும் கேட்காது. லாமா.சிபிபியின் சர்வருக்கு கடவுச்சொல் போன்ற ஏபிஐ சாவி ஒன்றை விதிக்கலாம் என்றாலும், அதையும் நேரடியாக இணையத்தில் வைப்பதைவிட டெயில்ஸ்கேல் போன்ற, நம் கருவிகளை மட்டும் இணைக்கும் தனிப்பட்ட வலையமைப்பில் கைபேசியையும் கணினியையும் சேர்ப்பதே மேல். பொது ஐபி முகவரி தராத பிராட்பேண்ட் இணைப்பிலும் அது வேலை செய்யும்.