நீச்சல் குள லைனரில் கறையா? குளத்தை வெறுமையாக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, அக்ஸ்பிரிட்ஜ் நகருக்கு வெளியே நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் 16 அடிக்கு 32 அடி அளவில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அது கொங்கிறீற் குளம் அன்று. ஒன்ராறியோவில் பல வீடுகளில் இருப்பதைப் போல, சுவரையும் அடித்தளத்தையும் மூடி, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள வைனைல் லைனர் என்னும் பிளாஸ்ரிக் உறை விரித்த குளம். லைனர் போட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களுக்கு நகரசபைக் குழாய்நீர் கிடையாது. வீட்டுக்கும் குளத்துக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான். நடந்ததற்கெல்லாம் காரணம் இந்தக் கடைசி விவரத்தில்தான் இருந்தது. ஆனால் காசு வாங்க வந்தவர் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

2023 மே மாதத்தில் குளிர்கால மூடியைக் கழற்றி, குறைந்திருந்த நீரைக் கிணற்றிலிருந்து நிரப்பிக் குளோரின் இட்டோம். ஒரு வாரத்துக்குள் படிக்கட்டைச் சுற்றியும் ஆழமான பகுதியிலும் தேநீர்ச் சாயம் ஊறியது போன்ற பழுப்புக் கறை படர்ந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பிக் குளப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் ஆளை அழைத்தோம். (அந்த நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன், பிணக்குத் தீர்ந்தபோது அதற்கு உடன்பட்டுக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.) வந்தவர் நீரைச் சோதிக்காமலே, கரையில் நின்று பார்த்துவிட்டு, "பாசி" என்றார். அருகில் நின்ற என் அம்மா, "குளியலறைத் தொட்டியிலும் இதே நிறம்தானே தம்பி, இது துரு" என்று என்னிடம் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. படித்தவன் என்ற நினைப்பு என்னையும் விடவில்லை போலும்.

அவர் பெருமளவு குளோரின் தூளைக் கரைக்காமலே குளத்தில் கொட்டினார். மறுநாள் கறை வெளிறவில்லை, இன்னும் கருமையாகிவிட்டது. கிணற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது, நீர் தெளிவாகவே இருக்கும்; குளோரின் அதை ஒக்சியேற்றும்போதுதான் அது துருவாக மாறி லைனரில் படியும். ஆகவே இரும்புக் கறைக்குக் குளோரினைக் கொட்டுவது எரிகிற அடுப்பில் நெய் வார்ப்பதற்குச் சமம் என்பதை நான் பின்னரே அறிந்தேன். போதாக்குறைக்கு, கரையாத தூள் அடியில் தங்கிய இடங்களில் லைனரின் நீல அச்சு வெளிறி, வெண்புள்ளிகளாகிவிட்டது. அவை கறை அல்ல, நிறமே போன இடங்கள். அவற்றைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

தான் மோசமாக்கிய கறையையே அவர் அடுத்த வேலைக்குச் சான்றாகக் காட்டினார். "பாசி லைனருக்குள் வேர் விட்டுவிட்டது, நீரை முழுவதும் இறைத்து அசிட் (அமிலம்) கொண்டு கழுவினால்தான் போகும்" என்று சொல்லி, எங்கள் சமையலறை மேசையிலேயே 850 டொலர் மதிப்பீட்டில் என்னிடம் கையொப்பம் வாங்கினார். அசிட் கழுவல் என்பது கொங்கிறீற் குளத்தின் சாந்துப் பூச்சுக்கு உரிய முறை, வைனைலுக்கு உரியதல்ல. அதைவிடப் பெரிய தவறு குளத்தை வெறுமையாக்கியது. லைனரைச் சுவரோடும் தரையோடும் அழுத்தி வைத்திருப்பது நீரின் பாரம்தான். அது போனதும் பழைய வைனைல் வெயிலில் காய்ந்து சுருங்கும், மீண்டும் நீர் நிரப்பும்போது நீள மறுத்து மூலைகளில் கிழியும். பனி உருகி நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் வசந்த காலத்தில், அடியிலிருந்து ஊறும் நீர் லைனரைத் தூக்கிவிடும். சுவரே உள்ளே சரிந்த குளங்களும் உண்டு. எங்கள் குளம் இரண்டு நாள் வெறுமையாகக் கிடந்தது. கறை ஓரளவு வெளிறியது உண்மைதான். ஆனால் தரையில் பாய் சுருண்டது போல மடிப்புகள் எழுந்தன. நீர் நிரம்பியபோது ஆழப் பகுதியின் ஒரு மூலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

நிரப்பியது எந்த நீரால் என்று நினைக்கிறீர்கள்? அதே கிணற்று நீரால்தான். ஐந்து நாட்கள் விட்டு விட்டு ஓடவிட்டு, மறுபடியும் குளோரின் இட்டதும் கறை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பற்றுச்சீட்டில் 1,240 டொலர் எழுதியிருந்தது. கிழிந்த லைனரைக் காட்டியபோது அவர் கொஞ்சமும் தயங்காமல், புதிய லைனருக்கான விலைப்பட்டியலை நீட்டினார். அந்தத் தாள் அவருடைய வண்டியில் ஏற்கெனவே அச்சிட்டபடி இருந்தது என்பதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிறகு வேறொரு கடைக்குக் குளத்து நீரைப் போத்தலில் கொண்டுபோனேன். அங்கிருந்த இளம்பெண் சோதித்துவிட்டு, விற்றமின் சி மாத்திரை ஒன்றைக் கறைமீது அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மாத்திரை பட்ட இடம் வட்டமாகத் தெளிந்தது. பெரும்பாலும் இரும்புக் கறை என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வாறு தெளியாமல், குளோரின் பட்டு வெளிறினால் அது இலை அல்லது பாசியின் கறை. நீலப்பச்சையாக இருந்தால் செம்பு. அது செம்பு கலந்த பாசிக்கொல்லியிலிருந்தோ, நீர் அமிலத்தன்மை மிகுந்து ஹீற்றரின் செம்புக் குழாயை அரிப்பதாலோ வரும். இளஞ்சிவப்புக் கறை மட்டும் வேறு கதை: லைனருக்குப் பின்னால் வளரும் நுண்ணுயிர்களின் சாயம் வைனைலை ஊடுருவி வருவது அது, மேலிருந்து எதைப் போட்டாலும் நிலையாகப் போகாது.

எங்கள் குளம் சுமார் 70,000 லீற்றர் கொள்ளும். குளோரினை ஏறக்குறைய இல்லாத அளவுக்கு இறங்கவிட்டு, பாசி பிடிக்காதிருக்கச் செம்பு கலவாத பாசிக்கொல்லி இட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்க ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான அஸ்கோர்பிக் அமிலத்தை, அதாவது விற்றமின் சி தூளை, பரவலாகத் தூவினோம். மறுநாள் காலை கறை போயிருந்தது. இரும்பு நீரிலேயே கரைந்து நிற்பதால், அதைப் பிடித்து வைக்கும் உலோகக் கட்டுப்பாட்டு மருந்தையும் இட்டு, குளோரினைச் சில நாட்களில் சிறிது சிறிதாக ஏற்றினோம். முழுச் செலவும் 150 டொலரைத் தாண்டவில்லை.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்கும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே நீக்கலாம்; மதிப்பீடு ஒப்பந்தத்தில் இருந்தால், அதற்கு மேல் நூற்றுக்குப் பத்துக்கு அதிகமாக அறவிடவும் முடியாது. முதல் விதி தெரிந்தபோது எனக்குக் காலம் கடந்திருந்தது. இரண்டாவது விதி கைகொடுத்தது. சிறு தொகைப் பிணக்குகளை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வழக்குப் பதிந்த பின், கறை வந்த நாள் முதல் நான் எடுத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, அந்த நிறுவனத்தினர் 1,240 டொலரையும் திருப்பித் தந்தார்கள். லைனருக்கு ஒரு சதமும் தரவில்லை. கிழிந்த மூலையை நீருக்கடியில் ஒட்டும் துண்டு கொண்டு அடைத்து அந்தக் கோடையை ஓட்டினோம். புதிய லைனர் 2024இல் போட்டோம். இப்போது வசந்த காலத்தில் குளத்தை நிரப்பும் நீர் தண்ணீர் வண்டியில் வருகிறது.