பதினான்கு அங்குல பேண்ட்சா: நான்கு வருடமாகத் தீராத பிளேடு தொல்லை

பேண்ட்சா வாங்கலாமா என்று நண்பர் நேற்று கேட்டார். இரண்டு சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின் அது; பதினான்கு அங்குலம் என்பது சக்கரத்தின் அளவு. வெல்டிங் விட்டுப்போன அரையங்குல அகல பிளேடை ஒட்டவைத்து, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

மெஷினில் குறையே இல்லை. ஆறங்குலத் தேக்குக் கட்டையை, அங்குலத்துக்கு மூன்று பல் உள்ள பிளேடு போட்டு நெடுக அறுத்தால் பலகை நூல் பிடித்த மாதிரி வரும். தொல்லையெல்லாம் அந்த எட்டடி நீள பிளேடைக் கழற்றி வைப்பதில்தான்.

புது பிளேடு மூன்று சுற்றாக மடித்து, கம்பி கட்டி வரும். முதல்முறை மேசைமேல் வைத்துக் கம்பியை வெட்டினேன். விருட்டென்று விரிந்து முழங்கைக்குக் கீழே நான்கு கோடு இழுத்துவிட்டது. கூடவே வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இப்போது தோல் கையுறை, கண்ணாடி, ஷூ இல்லாமல் பிளேடைத் தொடுவதில்லை. பக்கத்தில் ஆள் நிற்கவும் விடுவதில்லை. மெஷினை ஓட்டும்முன் கையுறையைக் கழற்றிவிட வேண்டும், அது வேறு.

மடிக்கும்போது பல் எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். அடிப்பக்கத்தை ஷூவால் லேசாக மிதித்து, இரு பக்கமும் பிடித்த கையைத் திருப்பி நெருக்கிக் கீழே இறக்கினால் பத்தங்குல வளையம் மூன்றாக விழும். பலம் தேவையில்லை. முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

அப்புறம் துரு. எங்கள் ஊர் கடற்காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் பல்லெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. இப்போது மண்ணெண்ணெய்த் துணியால் பிசினைத் துடைத்து, மெஷின் எண்ணெயை மெல்லத் தடவி வைக்கிறேன். ஆணியில் மாட்டவே கூடாது. மாட்டிய இடத்தில் பிளேடு வளைந்து, ஓடும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று தட்டும். சுவரில் கைப்பிடி கனத்துக்கு மரமுளை அடித்திருக்கிறேன். வேலை முடிந்ததும் மெஷினில் இருக்கும் பிளேடின் இறுக்கத்தையும் தளர்த்திவிடுகிறேன்.

இத்தனையும் பழகியபின் இந்த மெஷின் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஆனால் நண்பருடைய பட்டறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கையை விரித்து ஒரு பிளேடைப் பிரிக்க அங்கே இடமில்லை, பிள்ளைகள் வேறு குறுக்கே ஓடுவார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.