இன்வெர்ட்டரும் வாடகை வீடும்: பெங்களூரில் பல வருடப் பயன்பாடு

இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். இத்தனை வருடம் ஒன்றை வைத்து ஓட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது, அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை என்பதே. பெட்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே பெரிய வித்தியாசமில்லை. பேட்டரியை எப்படி வைத்துக்கொள்கிறோம், வீட்டு வயரிங் எப்படி இருக்கிறது, எதையெல்லாம் அதில் மாட்டுகிறோம் என்ற மூன்றும்தான் முக்கியம். அதனால் கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களிடம் இருப்பது 900 வி.ஏ. (எவ்வளவு லோடு தாங்கும் என்பதன் அளவு) சைன்வேவ் இன்வெர்ட்டர், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய பேட்டரி. வாங்கியது 2019ல். அல்சூர் பக்கம் முதல் மாடி வாடகை வீடு. நானும் மனைவியும் மென்பொருள் வேலைதான். 2020 மார்ச்சுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாளாவது வீட்டில்தான் அலுவலகம். பெட்டி அதே பெட்டி. பேட்டரி இப்போது ஓடுவது இரண்டாவது.

ஊரில் இருப்பவர்கள் "பெங்களூர்ல கூடவா கரண்ட் போகும்?" என்று கேட்பார்கள். போகும், ஆனால் விதம் வேறு. 2012ல் சேலத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓயாமல் உழைத்தது. இங்கே அப்படி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடி மழை வந்தால் தூங்குமூஞ்சி மரக்கிளை கம்பியில் விழும், அன்று சில மணி நேரம். எப்போதாவது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவார்கள். மற்றபடி கண் சிமிட்டும் நேரம் போய்விட்டு வரும் வெட்டுகள்தான். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் குட்டி வெட்டுதான் பெரிய தொல்லை. ரவுட்டர் அணைந்து எழுந்து, அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் வி.பி.என். மறுபடி கேட்டு, ஓ.டி.பி. அடித்து உள்ளே போவதற்குள் மீட்டிங்கில் நம் பெயரை நாலு தடவை கூப்பிட்டிருப்பார்கள்.

முதலில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு. 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1800 வாட் மணி. இது காகிதத்தில். பேட்டரிமேல் எழுதியிருக்கும் 150 என்பது, இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு, அதாவது ஏழரை ஆம்பியர் வேகத்தில். நாம் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் இழுக்கிறோம். வேகமாக இழுத்தால் கொள்ளளவு குறையும். இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும். பேட்டரியை அடிமட்டம் வரை வற்றவிடுவதும் நல்லதில்லை. எல்லாம் போகக் கைக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப் 100 வாட், மானிட்டர் 30, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 20, நாலு எல்.இ.டி. விளக்கு 36, பழைய மின்விசிறி இரண்டு 150. மொத்தம் 336 வாட். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கியது.

பேக்கப் போதவில்லை என்றால் கடைக்காரர் 200 ஆம்பியர் பேட்டரியைக் காட்டுவார். அதைவிட மின்விசிறிகளை மாற்றுவது புத்திசாலித்தனம். பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று முழு வேகத்தில் சுமார் 30 வாட்தான் எடுக்கும். இரண்டையும் மாற்றியதும் மொத்த லோடு 250க்குக் கீழே வந்துவிட்டது, பேக்கப் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடியது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம் என்பதால் கடையில் வாட் பார்த்து வாங்குவதும் சுலபமாகிவிட்டது. மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை மின்சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாது. வாடகை வீடென்றால் ஓனருடைய பழைய ஃபேனைத் துடைத்து பரணில் போட்டு வையுங்கள், காலி செய்யும்போது கேட்பார்கள்.

அடுத்தது பெட்டியின் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் சாதாரணம். என்னவென்று தெரியாமல் பலர் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். யு.பி.எஸ். பக்கம் இருந்தால் மின்சாரம் போன சுமார் 10 மில்லி செகண்டில் பேட்டரிக்கு மாறிவிடும். டெஸ்க்டாப் கணினியின் பவர் சப்ளை 16 மில்லி செகண்ட் அளவுக்குத் தாக்குப் பிடிக்கும்படி செய்யப்படுவதால் அணையாது. சாதாரணப் பக்கம் இருந்தால் இதற்குப் பல மடங்கு நேரமாகும். ஆனால் யு.பி.எஸ். பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே வரும் வோல்டேஜ் 180லிருந்து 260க்குள் இருந்தால்தான் அது ஏற்றுக்கொள்ளும். கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடும்போது வோல்டேஜ் 175க்கு இறங்கினால், கரண்ட் இருக்கும்போதே நம் பெட்டி சத்தமில்லாமல் பேட்டரிக்குத் தாவிவிடும். நிஜமாகவே மின்சாரம் போகும் நேரத்தில் பேட்டரியில் ஒன்றும் மிச்சமிருக்காது. சாதாரணப் பக்கம் 100 வோல்ட் வரை இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

நாங்கள் செய்தது இது. வேலை நாள் பகலில் யு.பி.எஸ்., கோடை ராத்திரிகளில் சாதாரணம். ரவுட்டருக்கு மட்டும் தனியாக ஒரு மினி யு.பி.எஸ். கையளவுப் பெட்டி, உள்ளே 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் மூன்று, 12 வோல்ட் கொடுக்கும். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள் என்பேன். ஜெனரேட்டர் உள்ள அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கும் இதேதான். டீசல் ஜெனரேட்டர் எழுந்து கரண்ட் கொடுப்பதற்குள் ரவுட்டர் அணைந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, நடுவில் அனாதையாக நிற்பது ரவுட்டர்தான். வாங்குமுன் உங்கள் ரவுட்டர் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று அடாப்டரில் படித்துவிட்டுப் போங்கள்.

மினி யு.பி.எஸ்ஸின் குறை, செல்கள் சீக்கிரம் களைத்துப்போகும். வருடம் முழுக்க முழுச் சார்ஜில் சூடாக உட்கார்ந்திருப்பது லித்தியத்துக்கு ஆகாது. மூன்று மணி நேரம் வந்த பேக்கப் இரண்டு வருடத்தில் அரை மணிக்கு வந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல் திறந்து பார்த்தால் போர்டு நன்றாகவே இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் செல் விற்கும் கடைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வகையாக வாங்கி, அங்கேயே நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து கொடுக்கச் சொல்லலாம். வீட்டில் சால்டரிங் அயர்ன் இருக்கிறதே என்று செல்மேல் நேராகச் சூடு வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலம் கெட்டு ஷார்ட் ஆகும், தீப்பிடிக்கும். கம்பியைப் பட்டையில் சால்டர் பண்ணலாம், செல்லில் கூடாது.

வயரிங் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் ஸ்விட்ச் பெட்டியான எங்கள் டி.பி. பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. எங்காவது மின்சாரம் கசிந்தால், ஆள்மேல் பாய்ந்தால், கண நேரத்தில் துண்டிக்கும் உயிர்காப்பு ஸ்விட்ச். இன்வெர்ட்டர் மாட்டியதிலிருந்து சமையலறை விளக்கைப் போட்டால் இது விழ ஆரம்பித்தது. மாட்டிய எலக்ட்ரீஷியன் சொன்ன வைத்தியம், "இது இருந்தா இப்படித்தான் சார் விழும். எடுத்துட்டு நேரா குடுத்துடலாம்." பெங்களூரில் எத்தனை வீட்டில் இப்படி எடுத்துவிட்டிருப்பார்களோ! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மர்ஃபி டவுனிலிருந்து திருவண்ணாமலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம், வயதானவர். டார்ச்சும் டெஸ்டரும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டாகத் திறந்து பார்த்தார்.

"நியூட்ரல் எல்லாத்தையும் ஒண்ணா முறுக்கி வெச்சிருக்காங்க சார். லைன் இன்வெர்ட்டர் வழியா போகுது, திரும்பி வர்றது வேற வழியா வருது. கணக்கு உதைக்குதுல்ல, அதான் விழுது."

"செவுத்தை உடைக்கணுமாண்ணா? ஓனரம்மா விடமாட்டாங்க."

"உடைக்கவே வேணாம். பைப்புல எடமிருக்கு, தனியா ஒரு கருப்பு வயர் இழுத்துடலாம்."

ஆர்.சி.சி.பி. செய்வதே அந்தக் கணக்குத்தான். தன் வழியாகப் போன மின்னோட்டமும் தன் வழியாகத் திரும்பி வந்ததும் சமமா என்று பார்க்கும். இன்வெர்ட்டர் வழியாகப் போன கரண்ட் பக்கத்து மின்சுற்றின் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பி வரும் கம்பியில், திரும்பினால், கசிவே இல்லாமலும் விழும். இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, ஃபேன், பிளக் பாயிண்ட்களுக்குத் தனி நியூட்ரல் இழுத்ததும் பிரச்சினை போய்விட்டது. கூலி பெரிதாகத் தெரிந்தது, ஆனால் இத்தனை வருடத்தில் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான். வேலை முடிந்ததும் டி.பி. கதவின் உள்பக்கம் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டேன்.

பேட்டரிக்கு வருவோம். எங்களுடையது பால்கனியை ஒட்டிய யுட்டிலிட்டியில், காற்றோட்டமான இடத்தில் இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் கட்டிலுக்கு அடியிலோ மூடிய அலமாரியிலோ வைக்கக்கூடாது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமே என்பார்கள், அதில் உப்பு மிச்சமிருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்று பிடித்து ஊற்றுவோரும் உண்டு, அது தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருவது. பேட்டரிமேல் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்குமுன் ஊற்ற வேண்டும், பச்சைக்கு மேல் நிரப்பக் கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்தால் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் துடைத்து, காயவைத்து, வாசலின் தடவலாம். ஸ்பானர் எடுக்குமுன் மோதிரம், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம், இரண்டு முனையும் ஒரு இரும்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

ஊரின் தட்பவெப்பம் இங்கே நமக்கு உதவி. பேட்டரியின் அளவுகள் 27 டிகிரிக்குச் சொல்லப்படுபவை. அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர் இந்த விஷயத்தில் பாக்கியம் செய்தது. சேலத்தில் மச்சான் வீட்டுத் தகரக் கூரை அடியில் இருந்த அதே வகைப் பேட்டரி மூன்று வருடம் தாண்டவில்லை.

ஆனால் வேலை இல்லாமல் இருப்பதும் பேட்டரிக்குக் கெடுதல்தான், ஓட்டாமல் நிறுத்திய வண்டி மாதிரி. ஆசிட் கனமானது கீழே தங்கி, மேலே நீர்த்துப்போய்விடும். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெயினை அணைத்துவிட்டு ஓரிரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓட்டுகிறோம். பிறகு முழுதாகச் சார்ஜ் ஏறும்போது குமிழி கிளம்பி ஆசிட் கலந்துகொள்ளும்.

முதல் பேட்டரி ஐந்தாம் வருடத்தில் போனது. திடீரென்று பேக்கப் இருபது நிமிடத்துக்கு விழுந்தது, சார்ஜும் சீக்கிரமே நிறைந்ததாகக் காட்டியது. பார்க்க வந்தவர் இன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்றச் சொன்னார். ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி ஆறு செல்லிலும் ஆசிட் அடர்த்தி பார்த்தேன். முழுச் சார்ஜில் 1.240 பக்கம் இருக்க வேண்டும். ஐந்து செல் சரியாக இருந்தது, ஒன்று மட்டும் 1.150ஐத் தாண்டவில்லை. அந்தச் செல்தான் தண்ணீரையும் அதிகம் குடித்துக்கொண்டிருந்தது. பேட்டரியை மட்டும் மாற்றினோம், பெட்டி இன்றுவரை ஓடுகிறது. பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். 2022 விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. காயலான் கடைக்குப் போட்டால் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டியில் வந்த ரிப்பேர் ஒன்றே ஒன்று, உள்ளிருக்கும் கூலிங் ஃபேன் கரகரத்தது. அதே அளவு 12 வோல்ட் ஃபேன் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தது. பேட்டரி வயரையும் பிளக்கையும் கழற்றி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் இறங்கக் கொஞ்ச நேரம் விட்டு, தூசி ஊதி மாட்டியதோடு சரி.

மின் கட்டணத்தையும் பாருங்கள். பேட்டரி நிறைந்த பிறகும் எங்கள் இன்வெர்ட்டர் சும்மா நிற்க 15 வாட் அளவு எடுக்கிறது, மாதத்துக்குப் பதினோரு யூனிட். 2023ல் வந்த, கர்நாடக அரசின் கிருஹ ஜோதி சலுகையில் 200 யூனிட்டுக்குள், அதிலும் அவரவர் பழைய சராசரிக்குக் கொஞ்சம் மேல் வரைதான் இலவசம். எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்தப் பதினோரு யூனிட் தெரியும்.

இப்போது எல்லோரும் லித்தியம் பக்கம் போகிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை எடை குறைவு, சீக்கிரம் சார்ஜ் ஏறும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு அதுவே பெரிய லாபம். ஐம்பது கிலோவுக்கு மேல் ஆசிட்டோடு இருப்பதைச் சாய்க்காமல் மாடியிலிருந்து இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. விலை கணிசமாக அதிகம். அதோடு என் பெட்டியின் சார்ஜர் ஈய பேட்டரிக்கு மட்டுமே ஆனது, லித்தியம் போட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். இப்போது இருக்கும் பேட்டரியில் ஆறு செல்லும் 1.230க்கு மேல் நிற்கின்றன. அதில் ஒன்று இறங்கும்வரை அந்தச் செலவு இல்லை.