துடிப்புக் காட்டும் வோட்ச் வாங்குகிறவர்களுக்கு: காசு கொடுக்க முன்னம் நாடியை எண்ணிப் பாருங்கள்

திருகோணமலை டவுணில் இப்போது போன் கடை, பேன்சி கடை, பாதையோரக் கடை என்று எங்கே திரும்பினாலும் இதயத்துடிப்புக் காட்டும் வோட்ச் தொங்குகிறது. விடிய டச்பேயிலும் உட்துறைமுக வீதியிலும் நடக்கிறவர்கள் பலரின் கையிலும் அது இருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். 8,500 ரூபா போனது கவலைதான், ஆனால் அதைவிடப் பெரிய விசயம், அது காட்டிய பொய் எண்ணை நம்பி ஒரு இருதய நோயாளி வேகமாக நடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு வயது 52, பிரஷர் இருக்கிறது. கிளினிக்கில் டொக்டர் தினமும் வேகமாக நடக்கச் சொன்னார், ஆனால் ஆரம்பத்தில் துடிப்பு 120ஐத் தாண்ட வேண்டாம் என்றார். இந்த 120 எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். 220இல் வயதைக் கழித்தால் ஒருவருக்கு அதிகபட்சம் வரக்கூடிய துடிப்பு என்று ஒரு பழைய கணக்கு, எனக்கு அது 168. அதில் 50 முதல் 70 சதவீதம் வரை மிதமான உடற்பயிற்சி, அதாவது கிட்டத்தட்ட 84இலிருந்து 118 வரை. 2001இல் வந்த இன்னொரு கணக்கு வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது, அப்படிப் பார்த்தால் எனக்கு அதிகபட்சம் 172 வரும். இரண்டும் மதிப்பீடுதான், ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சாதாரணமாக இருக்கலாம். சரி, டொக்டர் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்போம், அதற்கு ஒரு மெசின் இருந்தால் நல்லது என்று கடைக்குப் போனேன்.

கடையில் நின்ற தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணா, இது ஒரிஜினல், ஆஸ்பத்திரி மெசின் காட்டுற மாதிரியே காட்டும். பிரஷர், சுகர், ஈ.சி.ஜி எல்லாம் இதிலேயே பாக்கலாம், ஒரு வருச வாரண்டி" என்றார். என் கையிலேயே கட்டிக் காட்டினார். 76 என்று வந்தது. பின்பக்கம் பச்சை வெளிச்சம் மின்னியது, திரையில் ஈ.சி.ஜி கோடு ஓடியது. உட்கார்ந்திருக்கிற எந்த மனிசனுக்கும் 76 என்று வந்தால் அது சரி போலத்தான் இருக்கும், அவர்கள் பிடிக்கிற இடமே அதுதான்.

அடுத்த நாள் விடிய மச்சானோடு பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய் கோணேஸ்வரத்துக்கு ஏறினோம். அந்த ஏற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மான்கள் நிற்கிற இடம் தாண்டிக் கொஞ்சம் வேகமாக ஏறினால் கதைக்கவே முடியாமல் மூச்சு வாங்கும். எனக்கு வாங்கியது. வோட்சைப் பார்த்தால் 78. இன்னும் வேகமாக நடக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? மச்சான்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத்தான், முதல்ல நில்லுங்கோ" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் இருதயத்துக்கு மருந்து எடுக்கிறவர், நாடி எண்ணப் பழகியவர். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 செக்கன் எண்ணினார், 33 வந்தது. நாலால் பெருக்கினால் 132. வோட்ச் அப்போதும் 79. கழற்றி அவர் கையில் கட்டினோம், அவருக்கும் 78. அவர் பைசோப்ரோலோல் குளிசை எடுக்கிறார், அந்த வகை மருந்து துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும், 220 கணக்கே அவருக்குப் பொருந்தாது. அவருடைய நாடியை நான் எண்ணிப் பார்த்தேன், 96. இரண்டு பேருக்கும் ஒரே எண் வர வழியே இல்லை.

வீட்டுக்கு வந்து துவாயைச் சுருட்டி அதில் கட்டினேன். 74, பிறகு 77, பிறகு 75. இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: நல்ல கம்பனி வோட்ச் கூட உயிரில்லாத பொருளில் கட்டினால் சில நேரம் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், திரும்பி வருகிற வெளிச்சத்தின் சின்ன மாற்றத்தை அது துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே துவாய்ச் சோதனையை மட்டும் வைத்து ஒரு வோட்சைப் போலி என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் நான் அதை ஓட்டப் பயிற்சி என்ற நிலைக்கு மாற்றிவிட்டு மேசையில் அப்படியே விட்டேன். துவாயில் கட்டியபடியே 90, 104, 118 என்று ஏறிக் கடைசியில் 130க்கு மேல் போய் நின்றது. துவாய் ஓடவில்லை. அந்த நிலையில் போட்டால் எண் கூட வேண்டும் என்று உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஈ.சி.ஜி கோடும் ஒரே அலையைத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தது.

போன் திருத்துகிற ஒரு தம்பியிடம் கொண்டுபோய்க் கழற்றச் சொன்னேன். பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். பச்சை பல்பு இரண்டு இருக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்ததே, அது வெளிச்சத்தை வாங்குகிற உணரி என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிற யாரும் நினைப்பார்கள். அது பிளாஸ்டிக்கில் பூசிய கறுப்பு மை! அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, ஒரு வயர் கூடப் போகவில்லை.

இது ஏன் பெரிய விசயம் என்றால், இந்த வோட்ச்கள் வேலை செய்கிற முறையே அந்த உணரியில்தான் இருக்கிறது. இரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வருகிற வெளிச்சமும் குறைந்து கூடும், அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறார்கள். திரும்பி வருகிற வெளிச்சத்தை வாங்க ஆள் இல்லாவிட்டால் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? அதேபோல ஈ.சி.ஜி என்பது மின்சாரம் சம்பந்தப்பட்டது, இருதயத்துக்கு இரண்டு பக்கத்திலும் தொடுகை வேண்டும். உண்மையாக ஈ.சி.ஜி எடுக்கிற வோட்சில், கட்டாத மற்றக் கையின் விரலையும் வோட்சின் உலோகப் பகுதியில் வைக்கச் சொல்வார்கள். ஒரு கையில் சும்மா கட்டியிருக்கும்போதே ஈ.சி.ஜி கோடு ஓடினால் அது வெறும் படம்.

அக்காவின் மகன் மெக்கெய்சர் மைதானத்தில் ஓடப் பழகுகிறவன், துடிப்பை அளக்க நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற நெஞ்சுப் பட்டி வைத்திருக்கிறான். அதை நான் கட்டிக்கொண்டு இருவரும் திரும்ப அதே ஏற்றம் ஏறினோம், இந்த முறை மெதுவாக. பட்டி 114 காட்டியது, கையால் எண்ணினால் 112. நெஞ்சுப் பட்டி இருதயத்தின் மின்துடிப்பையே நேரே பிடிக்கிறது, பின்லாந்தின் போலார் கம்பனி 1982இல் வயரில்லாத துடிப்பு அளவியை விற்கத் தொடங்கியபோதும் நெஞ்சில் கட்டுகிற பட்டிதான். தோலில் படுகிற இடத்தைத் தண்ணீரால் கொஞ்சம் நனைத்துவிட்டுக் கட்ட வேண்டும், காய்ந்த பட்டி முதல் சில நிமிசம் தாறுமாறாகக் காட்டும் என்று அவன் சொன்னான், செய்து பார்த்தேன், உண்மைதான்.

கையில் கட்டுகிற நல்ல வோட்சும் பிழைவிடும், அது வேறு கதை. தளர்வாகக் கட்டினால், பச்சை குத்திய இடத்தில் கட்டினால், கையை அதிகம் ஆட்டினால் பிழைக்கும். சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும், ஓடுகிறவர்களுக்கு 160, 170 என்று வருவதில் சில இப்படித்தான். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வழுக்காமல் இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரிவரும். அளக்கிற கருவி பிழைவிடுவதை நான் மன்னிப்பேன். அளக்கவே இல்லாத ஒன்றை நோயாளிக்கு விற்பதை எப்படி மன்னிக்கிறது?

வோட்சைத் திரும்பப் பூட்டுவித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலில் புளூடூத் பிரச்சினை என்றார்கள். அப்புறம், வாரண்டி திரைக்கு மட்டும்தான் என்றார்கள். நான் துவாயைக் கொண்டுபோயிருந்தேன், மேசையில் வைத்துக் கட்டி ஓட்டப் பயிற்சியைப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் மகளுக்கு வாங்க எடுத்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு முதலாளி வெளியே வந்து, "விருப்பமெண்டா வேற மொடல் மாத்தித் தாறன், காசு தரமாட்டன்" என்றார். அந்த வேறு மொடலையும் துவாயில் கட்டினேன், அதுவும் ஏறியது. பற்றுச்சீட்டைப் பார்த்தால் "வோட்ச் 1" என்று மட்டும் இருக்கிறது. மொடலும் இல்லை, துடிப்பு அளக்கும் என்ற பேச்சும் இல்லை, வாரண்டி அட்டையில் இருக்கிற முத்திரை இன்னொரு கடையுடையது.

சுகர் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போகிற விசயம் அது. தோலைக் குத்தாமல் வெளிச்சத்தாலேயே சுகர் பார்க்கிற எந்த வோட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. பிழையான எண்ணைப் பார்த்து இன்சுலின் கூட்டிப் போட்டால் சுகர் இறங்கி மயங்கி விழுவார்கள், கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிரே போகும். கடைக்காரர் சுகரும் காட்டும் என்று சொன்ன அந்த இடத்திலேயே வோட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அப்படியென்றால் துடிப்பு மெசின் வாங்கவே கூடாதா? என்னைப் போலப் பின்னேரமும் விடியவும் நடக்கிறவருக்கு அவசியமில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம், வைத்தியர்களே சொல்லிக் கொடுக்கிற சோதனை இது. கொஞ்சத் தூரம் போய் நின்று நாடியை எண்ணலாம், நின்றதும் உடனே எண்ண வேண்டும், பிந்தினால் துடிப்பு இறங்கிவிடும். மச்சானைப் போல மருந்து எடுக்கிறவர்கள் எந்த எண்ணையும் தாங்களாக வைத்துக்கொள்ளாமல் கிளினிக்கில் கேட்டுத்தான் வைக்க வேண்டும். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், வோட்ச் என்ன காட்டினாலும் நிற்க வேண்டும். ஓட்டம், சைக்கிள் என்று கணக்குப் பார்த்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு மெசின் தேவைதான், அவர்கள் நெஞ்சுப் பட்டிக்குக் காசு போடுவது நல்லது.

வோட்ச்தான் வேண்டும் என்றால் கடையிலேயே இதைச் செய்யுங்கள். கட்டிக்கொண்டு உட்கார்ந்து உங்கள் நாடியை 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு வெளியே போய்ப் படி ஏறி இறங்குங்கள், அல்லது கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் திரும்பத் திரும்பக் குந்தி எழும்புங்கள், யாரும் பார்த்தால் பார்க்கட்டும். திரும்ப எண்ணுங்கள். உங்கள் விரல் 110 சொல்ல வோட்ச் 80 சொன்னால் காசு கொடுக்காதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் நுனி ஒக்சிசன் மெசின் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது, அது துடிப்பையும் காட்டும், கையோடு கொண்டுபோய் மற்றக் கையில் மாட்டி ஆடாமல் இருந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பற்றுச்சீட்டில் மொடல் பெயரையும் "இதயத்துடிப்பு அளக்கும்" என்ற வசனத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டை எறிய வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. நான் பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை, கழற்றியபோது எடுத்த படங்கள், துவாயில் எண் ஏறுகிற வீடியோ எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும் வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி மேசையில் விட்டாலும் ஏறுகிற வோட்ச் யாரிடமாவது இருந்தால் நீங்களும் வீடியோ எடுத்து, முறைப்பாடு கொடுங்கள், இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கொடுத்தால் ஒருவருடைய கோளாறு என்று தட்டிக்கழிக்க முடியாது.