பேராவூரணித் தோப்பும் தேக்காவில் வாங்கிய அறிக்கையும்

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் சிறிய ஆலோசனை அலுவலகத்தில், ஊரிலுள்ள எங்கள் தென்னந்தோப்புக்கான இலாப மதிப்பீட்டு அறிக்கையை 380 வெள்ளி கட்டி வாங்கினேன். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அப்பா மறைந்தபின் பேராவூரணிக்கு அருகிலுள்ள மூன்று ஏக்கர் தோப்பு என் பங்குக்கு வந்தது. 25 அடிக்கு ஒரு மரம் என்ற இடைவெளியில் ஏக்கருக்கு 70 வீதம் 210 மரங்கள் இருந்த இடத்தில், 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பிறகு 120 மரங்களே நிற்கின்றன. காலி இடங்களில் கன்று நட்டு, புதிய ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டு, சொட்டுநீர்ப் பாசனமும் அமைக்க ஆறு லட்சம் ரூபாய் ஆகும் என்றார், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா. அந்தப் பணத்தைப் போடலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்ளவே போனேன். பக்கத்து ஏக்கரும் விலைக்கு வருவதாகச் சொன்னபோது, வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலத்தை வாரிசுரிமையாகப் பெறலாமே தவிர, ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி விலைக்கு வாங்க முடியாது என்று ஆலோசகர் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பண்ணை நிலம் விற்க வருபவர்கள் பலர் வாய் திறக்காத செய்தி இது.

அறிக்கையின் பலம் செலவுக் கணக்கில் இருக்கிறது. வருமானம் எளிது: மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய், காய்க்கு 18 ரூபாய் என்று 1,72,800 ரூபாய். 45 நாளுக்கு ஒரு வெட்டு வீதம் மரமேறும் கூலி, உரம், உழவு, மோட்டார் பழுது ஆகியவற்றுக்குக் கையிலிருந்து போகும் பணம் 80,000. மீதம் 92,800 ரூபாய் என்று நான் மகிழ்ந்திருந்தபோது, சொந்த உழைப்பு என்ற கட்டத்தில் நான் நிரப்பியிருந்த பூஜ்யத்தின் மீது ஆலோசகர் பேனாவை வைத்து, “சித்தப்பாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். “சித்தப்பாவுக்கு எப்படிங்க சம்பளம் கொடுப்பது?” என்றேன். அவர் மாதம் 5,000 என்று எழுதினார். மீதம் 32,800 ஆகச் சுருங்கியது. அதே தோப்பைக் குத்தகைக்கு விட்டால் ஏக்கருக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய் கிடைக்கும் என்பதை அடுத்த வரியில் வைத்தார்.

இது அவர் கண்டுபிடித்த முறையன்று. இந்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், கைச்செலவை ஏ2 என்றும், அதனுடன் குடும்ப உழைப்பைச் சேர்த்ததை ஏ2+எஃப்எல் என்றும், சொந்த நிலத்தின் வாடகையையும் முதலின் வட்டியையும் கூட்டியதை சி2 என்றும் பிரிக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம், விளைபொருளுக்கு அரசு அறிவிக்கும் ஆதார விலை உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தபின், அந்தச் செலவு இவற்றில் எது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எங்கள் தோப்பில் அந்தச் சண்டை சித்தப்பாவின் பெயரில் ஒரே வரியாக வந்து நின்றது. தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன், “அஞ்சாயிரம்தானா?” என்று கேட்டார்.

முதலீட்டுப் பகுதி அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆறு லட்சத்துக்கு ஐ.ஆர்.ஆர். எனப்படும் உள்ளார்ந்த வருவாய் விகிதம், அதாவது போட்ட பணம் ஆண்டுக்கு ஈட்டித் தரும் விகிதம், 8 விழுக்காடு என்று முதல் அறிக்கை சொன்னது. புதுக் கன்றுகள் நான்காம் ஆண்டிலிருந்தே முழு விளைச்சல் தருவதாக அதில் போட்டிருந்தார்கள். குட்டை இரகமும் கலப்பினமும் நான்கைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும். ஆனால் சித்தப்பா நடப்போவது நெட்டை. அதற்குப் பாளை வரவே ஆறேழு ஆண்டு ஆகும், நிறை விளைச்சலுக்கு அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். சுட்டிக்காட்டியபின், கூடுதல் கட்டணம் கேட்காமல் திருத்தித் தந்தார்கள். விகிதம் ஐந்தரையாக இறங்கியது. திருத்தத்துக்கு இரண்டு வாரம் ஆனதையும் சொல்லியாக வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, அறிக்கை கணக்கிடும் முப்பது ஆண்டுக்கும் காய் விலை 18 ரூபாய் என்றே ஓடுவதுதான். சித்தப்பா 9 ரூபாய்க்கும் விற்றிருக்கிறார், அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் விற்றிருக்கிறார். 9 ரூபாய் என்று நானே போட்டுப் பார்த்தேன்: கைச்செலவு போக மிஞ்சுவது 6,400 ரூபாய், சித்தப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் குறைவு. வெள்ளை ஈத் தாக்குதலுக்கோ இன்னொரு புயலுக்கோ ஒரு வரிகூட இல்லை. நாணய மாற்றும் அப்படித்தான். 2015-இல் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 47 ரூபாயாக இருந்தது 65-ஐ எட்டிப் பார்த்துவிட்ட நிலையில், வெள்ளியில் சேமிப்பவருக்கு ரூபாயில் வரும் ஐந்தரை விழுக்காடு என்ன ஆகும் என்பதை அறிக்கை பேசவே இல்லை.

இருந்தாலும், செலவுக் கணக்குக்காக மட்டுமே 380 வெள்ளி தகும் என்பது என் எண்ணம். விலையையும் விளைச்சலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் எக்செல் கோப்பை வற்புறுத்திக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தாமாகத் தருவதில்லை. போர் போடும் யோசனையைத் தள்ளிவைத்து, தோப்பை இரண்டாண்டுக் குத்தகைக்குப் பேசச் சொல்லியிருக்கிறேன். காலி இடங்களில் நடும் கன்றுகளுக்கான செலவு எங்களுடையதா, குத்தகைக்காரருடையதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.